ஒரே பங்காளி வீட்டுக் கேட்சர்கள்

தை பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் இரண்டு கணிப்புகள் நடக்கும். ஒன்று, பருத்தி என்ன விலைக்குப் போகும் என்பது. இன்னொன்று, இந்த வருடம் நம்ம கபடி டீமுக்கு யார் யார் கேட்சர் என்பது. முதலாவதைச் சொல்ல அருப்புக்கோட்டையில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இரண்டாவதைச் சொல்ல பரளச்சியில் நான் ஒருவன்தான்.

முட்டி பெயர்ந்து ஆட்டத்தை விட்டதிலிருந்து நான்தான் டீமுக்கு மேனேஜர். பஸ் நிற்கிற இடத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பட்டா நகல் எடுக்க வருகிறவரிடம்கூட கேட்சர்களைப் பற்றித்தான் பேசுவேன். பாடிப் போகிறவனைப் பற்றிப் பேச ஊரே இருக்கிறது. அவன் எதிராளியைத் தொட்டுவிட்டு ஓடி வந்தால் விசில் பறக்கும், பெண்டு பிள்ளைகள் வரைக்கும் அவன் பேரைச் சொல்லும். அவனைப் போல ஒருத்தனை மடக்கிப் பிடித்து, மூக்கில் ரத்தம் வழிய எழுந்து நிற்கிற கேட்சரை மட்டும் ஒருத்தரும் கண்டுகொள்வதில்லை. இதைச் சொல்லும்போதே எனக்கு இப்போதும் கோபம் வருகிறது.

கேட்சரைக் கணிப்பது அவன் பிடியைப் பார்த்து அல்ல. பிடி எல்லாருக்கும்தான் இருக்கிறது. அவனுக்கு விசா வருமா, கல்யாணம் நிச்சயமாகுமா, நிச்சயமானால் மாமனார் வீட்டார் ஆட விடுவார்களா, லோடு வண்டி ஓட்டப் போகிறவன் பங்குனிக்குள் திரும்புவானா என்றெல்லாம் பார்க்க வேண்டும். ஒரு வருடம் எங்கள் ரைட் கார்னர், நான் கணித்தபடியே முழு உடல் தகுதியோடு இருந்தான். துபாயில் இருந்தான். இன்னொரு வருடம் ஒருவனுக்குப் பெண் பார்த்த இடத்தில், "மாப்பிள்ளை கபடி ஆடுறவரா? அப்ப பல்லெல்லாம் சொந்தப் பல்லா?" என்று கேட்டுவிட்டார்கள். அவன் அன்றோடு ஆட்டத்தை விட்டான்.

இப்படிப் பட்டுப் பட்டு, போன வருடம் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. நாலு கேட்சரையும் ஒரே பங்காளி வீட்டிலிருந்து எடுத்துவிட்டால் என்ன? அண்ணன் தம்பி முறை, ஒரே களத்தில் விழுந்து புரண்டவர்கள். ஒருவன் கண்ணசைத்தால் மற்றவனுக்குப் புரியும். அதில் ரைட் கவர் நிற்பவன் என் தங்கை மாப்பிள்ளை. லெஃப்ட் கார்னர் நிற்பவன் அவனுக்குச் சித்தப்பா மகன். அவன் கணுக்காலைப் பிடித்தால் பிடித்ததுதான். அவன் கையிலிருந்து காலை உருவிக்கொண்டு போனவனை நான் பார்த்ததில்லை.

அந்த லெஃப்ட் கார்னருக்காகத்தான் நான் இவ்வளவு மெனக்கெட்டேன். பங்குனிப் பொங்கல் முடிந்து திருச்சுழிப் பக்கத்து ஊர் ஒன்றில் அம்மன் கோயில் போட்டி. அதன் பைனலைப் பார்க்க, அரசுத் துறை டீம் ஒன்றுக்கு ஆள் எடுக்கிற கோச் வருவதாக இருந்தது. எடுத்துவிட்டால் வேலை. வயது வரம்பில் அவனுக்கு அதுதான் கடைசி வருடம். தப்பினால் சித்திரையில் மூட்டை தூக்க வளைகுடாவுக்கு விமானம் ஏற வேண்டியதுதான், பாஸ்போர்ட் எல்லாம் தயாராக இருந்தது. மூட்டை தூக்கவா அந்தக் கை?

என் ஏற்பாட்டில் இருந்த ஓட்டையைத் தங்கை மாப்பிள்ளைதான் கண்டுபிடித்தான்.

"மச்சான், எல்லாம் சரி. எங்க பெரியய்யா படுத்த படுக்கையா கெடக்காரே, அதை யோசிச்சீகளா?"

யோசிக்கவில்லை. அந்த வீட்டுக்கே மூத்தவர் அவர். அவர் போய்ச் சேர்ந்தால் பங்காளி அத்தனை பேருக்கும் தீட்டு. கருமாதி முடிகிற வரை கோயில் வாசலை மிதிக்க முடியாது. ஆடுகளமோ அம்மன் கோயில் வாசலிலேயே இருக்கிறது. ஒரு கிழவர் கண்ணை மூடினால் என் நாலு கேட்சரும் ஒரே நேரத்தில் அவுட். இதற்குக் கபடியில் விதியே கிடையாது.

மறுநாளிலிருந்து இளநீரும் கையுமாகப் பெரியய்யா வீட்டுக்கு நடக்க ஆரம்பித்தேன். மூச்சு எப்படி இருக்கிறது, கால் வீங்கியிருக்கிறதா, கஞ்சி இறங்கியதா என்று அவருடைய மருமகள்களைவிட நான் அதிகமாக விசாரித்தேன். அருப்புக்கோட்டையிலிருந்து டாக்டரைக்கூடக் காரில் கூட்டி வந்தேன். பெரியய்யா படுக்கையில் இருந்தாலும் அவர் புத்தி படுக்கவில்லை.

"என்னடா, செத்துட்டனான்னு பாக்க வந்தியா?"

"ஐயையோ, இல்ல பெரியய்யா. சும்மா பாத்துட்டுப் போலாம்னு."

"போட்டி என்னைக்கி?"

"பங்குனி கடைசில."

"அதுவரைக்கும் மூச்சப் புடிச்சுக்கிட்டு இருக்கணும். அம்புட்டுத்தான? பொழுதன்னைக்கும் எளநித் தண்ணியக் குடிச்சா எவன் உசுரோட இருப்பான்? கோழி வாங்கிட்டு வா."

வாங்கிக் கொடுத்தேன். பங்குனி பிறக்கும்போது மனிதர் எழுந்து உட்கார்ந்து, பரோட்டாவுக்குச் சால்னா பத்தவில்லை என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். கேட்சர் நாலு பேரும் உறுதி என்று கடையில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அடித்துச் சொன்னேன்.

இந்தச் சமயத்தில் எங்கள் வீட்டில், தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த என் தங்கை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்துகொண்டிருந்தாள். நான் வீட்டுக்குள் நுழைந்ததும் பெரியய்யா இன்று என்ன சாப்பிட்டார் என்பதைத்தான் அவளிடம் சொல்வேன். அவள் என்ன சாப்பிட்டாள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

"ஏண்ணே, அந்தக் கெழவனுக்கு நீ வளைகாப்பே போட்டுருவ போலயே" என்பாள்.

டாக்டர் அவளுக்குச் சித்திரையில் நாள் குறித்திருந்தார். நானும் சித்திரை என்று மனசில் போட்டு மூடிவிட்டேன்.

போட்டியின் முதல் நாள் சுற்றுகளை ஊதித் தள்ளினோம். மறுநாள் சாயங்காலம் பைனல். ஆட்ட நாளில் எல்லாருடைய செல்போனையும் வாங்கி ஒரு மஞ்சப்பையில் போட்டு வைத்துக்கொள்வது என் பழக்கம். என் போன் மட்டும் என் சட்டைப் பையில். மத்தியானம் பையன்கள் பள்ளிக்கூடத்து வேப்ப மரத்தடியில் படுத்திருக்க, நான் டீக்கடைப் பக்கம் போயிருந்தபோது அம்மா கூப்பிட்டாள்.

"வலி வந்து காலையிலதான் ஆசுபத்திரிக்குக் கூட்டியாந்தோம். பொம்பளப் பிள்ளை. ரெண்டு பேரும் நல்லா இருக்காக. நீ தாய்மாமன் ஆயிட்டடா."

"பொறந்துருச்சா!" என்று கத்தினேன். கையிலிருந்த டீ பாதி வேட்டியில் கொட்டியது. கடைக்காரரைக் கட்டிப் பிடித்தேன். அவர் யாரென்றே எனக்குத் தெரியாது. பிறகு மூளை வேலை செய்தது. பிள்ளை பிறந்தாலும் தீட்டு. சாவுக்கு எப்படியோ அப்படியே பிறப்புக்கும், பங்காளி அத்தனை பேருக்கும். ஒரு கிழவரைச் சாக விடாமல் இரண்டு மாதம் காவல் காத்தவன், சொந்த வீட்டுக்குள் ஒன்று பிறக்கப் போவதைக் கோட்டை விட்டிருந்தேன்.

என்னை நானே தலையில் அடித்துக்கொண்டேன். அப்புறம் ஒரு வழி தெரிந்தது. தீட்டு காதில் விழுந்தால்தான் தீட்டு, அதுவரைக்கும் ஒன்றுமில்லை என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். நாலு பேர் காதிலும் விழாமல் ஆட்டத்தை முடித்துவிட்டால் போதும். போன்கள்தான் மஞ்சப்பையில் இருக்கின்றனவே. "யாருகிட்டயும் சொல்லாத. மாப்பிள்ளைக்குப் போன் பண்ணாத" என்று அம்மாவுக்குச் சொல்லிவிட்டு வைத்தேன். ரகசியம் பேசுவதாகத்தான் நினைத்தேன். என் குரல் எனக்கே தெரியும், மைக் செட் வேண்டியதில்லை.

சாயங்காலம் வரை நான் பட்ட பாடு சொல்லி மாளாது. தங்கை மாப்பிள்ளை எதிரில் வரும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"ஏன் மச்சான் ஒரு மாதிரி இருக்கீக?"

"வெயிலு மாப்ள."

ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு டீமையும் கோயில் வாசலுக்குக் கூப்பிட்டார்கள். தேங்காய் உடைத்து, திருநீறு பூசிவிட்ட பிறகுதான் களத்துக்குள் இறங்க வேண்டும். விழாக் கமிட்டிப் பெரியவர் ஒருவர், தோளில் துண்டோடு, வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"தம்பிகளா, யாருக்கும் தீட்டு கீட்டு இல்லையே? இது ஆத்தா எடம்."

"இல்லை" என்று சொல்ல வாயைத் திறந்தேன். கோச் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கருவறைக்குள் அம்மன் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேருமே என்னையே பார்ப்பதாக இருந்தது.

"இருக்குய்யா" என்றது பக்கத்தில் ஒரு குரல்.

லெஃப்ட் கார்னர்தான். "மத்தியானம் நான் டீ குடிக்க வந்தப்ப, மச்சான் போன்ல கத்துனது என் காதுல விழுந்துருச்சு. எங்க பங்காளி வீட்டுல பிள்ளை பொறந்துருக்கு. பொய் சொல்லிட்டு ஆத்தா வாசல்ல எறங்க மாட்டேன்" என்றான்.

"பிள்ளையா? யாருக்குலே?" என்றான் என் தங்கை மாப்பிள்ளை.

"ஒனக்குத்தாண்டா!"

அவன் முகத்தை என்னால் வார்த்தையில் சொல்ல முடியாது. என் மேல் பாய்ந்து மஞ்சப்பையைப் பிடுங்கி, போன்களை வாரி இறைத்து, தன்னுடையதைத் தேடினான். அதற்குள் மைக் செட்டுக்காரர் முந்திக்கொண்டார். "பரளச்சி அணியின் ரைட் கவர் ஆட்டக்காரருக்குப் பெண் குழந்தை பிறந்திருப்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்." கூட்டம் விசில் அடித்தது. கேட்சருக்கு விசில் அடித்து நான் கேட்டது அதுதான் முதல் முறை.

சந்தோசம் அடங்கியதும் கமிட்டிப் பெரியவர் கையைப் பிசைந்தார். நாலு பேரும் களத்தில் இறங்க முடியாது, அதில் பேச்சே இல்லை. நான் லெஃப்ட் கார்னரைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அவனை அறையவும் தோன்றியது, கட்டிப் பிடித்து அழவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் நின்றேன்.

முரண்டு பிடித்தவர்கள் எதிர் டீம்காரர்கள்.

"இவுக இல்லாம நாங்க செயிச்சா, ஊரு ஒலகம் எங்களக் காறித் துப்பாதா? எங்களுக்கு அப்படி ஒரு கோப்பை வேணாம்" என்றான் அவர்கள் கேப்டன்.

பெரியவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். கோயிலைப் பார்த்தார். கோயிலுக்குப் பின்னால் வறண்டு கிடந்த கண்மாயைப் பார்த்தார்.

"கம்மாய் கவர்மெண்டு எடந்தான?" என்றார். "அங்க தீட்டு எப்படிச் செல்லும்? அங்க போயி ஆடுங்க. ஆனா ஒண்ணு, நீங்க செயிச்சாலும் கோயில் பரிசு ஒங்க கைக்குக் கெடையாது."

அவ்வளவுதான். ஊரே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கரை ஏறி இறங்கியது. கோச்சையும் நாற்காலியோடு தூக்கப் பார்த்தார்கள், அவர் பதறிப்போய் நடந்தே வந்தார். கிரிக்கெட் ஆடுகிறவர்கள் கருவேலஞ் செடியை வெட்டிச் சீர் செய்து வைத்திருந்த இடத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். அதற்குள் என் தங்கை போனில் கிடைத்துவிட்டாள். மாப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்தா, இப்பவே கெளம்பி வாரேன்" என்றான்.

"ஆடி முடிச்சுட்டு வாங்க. தோத்துட்டு வந்தா பிள்ளை முகத்தக் காட்ட மாட்டேன்" என்றாள் அவள்.

அன்றைக்கு ஆடியதைப் போல என் கேட்சர்கள் எப்போதும் ஆடியதில்லை. புதுசாக அப்பனானவன் வருகிறவனையெல்லாம் இடித்துக் கோட்டுக்கு வெளியே தள்ளினான். கடைசியில் நாங்கள் ஒரு பாயிண்ட் முன்னால் இருந்தோம். எதிர் டீமின் பெரிய ஆட்டக்காரன் பாடி வந்து இடது மூலையைச் சீண்டினான், போனஸ் கோட்டில் கால் வைத்தான். அந்தக் கால் தரையை விட்டுக் கிளம்புவதற்குள் லெஃப்ட் கார்னர் விழுந்து பிடித்தான். அவன் கரிசல் மண்ணில் கொஞ்ச தூரம் இழுபட்டான், ஆனால் கை விடவில்லை. மற்ற மூன்று பேரும் மேலே விழுந்தார்கள். விசில் ஊதியபோது எனக்குக் கண்ணே தெரியவில்லை, அவ்வளவு புழுதி.

ஜெயித்தோம். கோப்பையைத் தோற்றவர்கள் வாங்கிக்கொண்டார்கள். அதைத் தலைக்கு மேல் தூக்குவதா, கக்கத்தில் மறைப்பதா என்று தெரியாமல் எங்களைப் பார்த்து அசடு வழிந்தார்கள்.

கோச் நாற்காலியை விட்டு எழுந்து எங்களிடம் வந்தார். ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. லெஃப்ட் கார்னரின் காலைக் குனிந்து பார்த்தார். கட்டை விரலில் நகம் பெயர்ந்து ரத்தமும் மண்ணும் அப்பியிருந்தன.

"எங்க டீம்ல மண்ணுல இல்ல, மேட் விரிப்புலதான் ஆடணும். ஷூ வாங்கணும். உன் சைஸ் என்ன தம்பி?"

அவன் விழித்தான். ஷூ என்ற ஒன்றை அவன் காலில் மாட்டியதே இல்லை. திரும்பி என்னைப் பார்த்தான். எந்த வருடம் எவன் கல்யாணம் பண்ணுவான், எவன் விமானம் ஏறுவான் என்று எல்லாம் தெரிந்து வைத்திருந்த எனக்கு அது தெரியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, என் காலை அவன் காலை ஒட்டி வைத்துப் பார்த்தேன். எனக்கு எட்டு. அவனுடையது கொஞ்சம் பெரிதாக இருந்தது.

"ஒம்பது சார்" என்றேன்.

அடுத்த வருடத்துக்கு என்னிடம் லெஃப்ட் கார்னர் இல்லை.