பட்டு ஏறாத மோட்டார் சைக்கிள்

முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, டயரின் பள்ளங்களை ஒவ்வொன்றாக ஊதிக்கொண்டிருக்கிறார் ஜினதாஸ் நயினார். ஊதி முடித்ததும் கழுத்தை வளைத்துப் பின்சக்கரத்தைப் பார்க்கிறார். அங்கே ஓர் எறும்பு. சட்டைப் பையிலிருந்து மயிலிறகு ஒன்றை எடுத்து, எறும்பை அதில் ஏற்றி, வேலி ஓரமாகக் கொண்டுபோய் இறக்கிவிடுகிறார். "போ பா, வண்டி கெளம்பற நேரம்" என்று அதனிடம் சொல்லவும் செய்கிறார். அதற்குப் பிறகுதான் உதை, சத்தம், புகை எல்லாம்.

இதைப் பார்த்துப் பழகிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு தடவையும் எனக்குத் திக்கென்றுதான் இருக்கிறது.

நயினாருக்குத் திருப்பருத்திக்குன்றத்தில் வீடு, காஞ்சிபுரத்தில் வேர்க்கடலை வியாபாரம். ஒடிசலான உடம்பு, வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிய கட்டு, காலில் கான்வாஸ் ஷூ. தோல் செருப்புப் போடமாட்டார். கடலை மூட்டைகளை அனுப்பியதும் அவருக்கு இருக்கிற ஒரே பித்து, கேட்பாரற்று நிற்கிற சமணத் தீர்த்தங்கரர் சிலைகளைத் தேடிப் போவது. செய்யாறு, வந்தவாசி, செஞ்சி என்று அந்தப் பக்கத்துப் பொட்டல் முழுக்க இருக்கின்றன. ஏரிக்கரையில் ஒன்று சாய்ந்து கிடக்கும், கொல்லைக்கு நடுவே ஒன்று கழுத்துவரை புதைந்திருக்கும், பாறை இடுக்கில் ஒன்று முள்ளுக்குள் உட்கார்ந்திருக்கும். போய் முள்ளை விலக்கி, தண்ணீர் ஊற்றிக் கழுவி, ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். அங்கெல்லாம் பஸ் போகாது. மாட்டு வண்டிக்காரரே யோசிப்பார்.

அதற்காகத்தான் அவர் ஜாவா வண்டி வாங்கினார். நான் அவரை முதலில் பார்த்தது செவிலிமேட்டில், தாவீதின் மோட்டார் சைக்கிள் பட்டறையில். என் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டப் போயிருந்தேன். ஸ்கூட்டருக்குப் பதிந்துவிட்டு வருஷக்கணக்காகக் காத்துக்கிடக்கிறவன் நான். என் கண் முன்னால் ஒரு மனிதர், பிளாஸ்டிக் உறைகூடக் கிழியாத புத்தம் புது வண்டியின் புகைக் குழாயை இரும்பறுக்கும் ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருக்கிறார்! அன்றைக்கு என் வயிறு எரிந்ததை எழுதினால் இந்தத் தாள் கருகிவிடும்.

"ஐயோ, இன்னா சார் பண்றீங்க?" என்று கத்தியேவிட்டேன்.

"கொழா கீழ இருக்குது. புத்து, புல்லு, அதுல இருக்கற பூச்சி, எல்லாத்து மேலயும் நெருப்பு ஊதிக்கினே போவும். மேல ஏத்திக்கட்டறேன்" என்றார், ரம்பத்தை நிறுத்தாமலே.

தாவீது என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். அப்பா காலம்வரை அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை பார்த்த குடும்பம் அவனுடையது. லாரிப் பட்டறையில் வேலை கற்று, தனியாகக் கடை போட்டவன். "நயினாரு பண்றது ஜீவனுக்காவ. ஆனா பாத்துக்க சார், கொழா மேல ஏறினா ஆத்துலயும் எறங்கலாம், கல்லுலயும் இடிக்காது. எனக்கு இன்னாத்துக்கு வம்பு, வெல்டிங் வெச்சி வுட்டுடறேன்" என்றான்.

அந்த வண்டியில் நடந்த ஒவ்வொரு மாற்றமும் இந்த மாதிரிதான். பின்பக்கப் பல்சக்கரத்தைப் பெரிதாகப் போட்டார். வேகம் போச்சு, இழுவை வந்தது. அவருக்கு வேகம் வேண்டாம், வேகமாகப் போனால் தும்பி அடிபடுமாம். முன் மட்கார்டை ஒரு சாண் உயர்த்தி, அதன் மூக்கில் தானாக உதிர்ந்த மயிலிறகுகளைக் கத்தையாகக் கட்டித் தொங்கவிட்டார், ஒற்றையடிப் பாதையில் எறும்புச் சாரியைக் கூட்டிக்கொண்டே போவதற்கு. "வண்டி ஓட்றியா நயினாரே, தெரு பெருக்கறியா?" என்று தாவீது கேட்டால், "ரெண்டுந்தான்" என்பார். காற்றடிக்கும் கைப்பம்பைப் பிரித்து, உள்ளே தோல் வாசர் இருப்பதைக் கண்டுபிடித்து, ரப்பரில் வெட்டிப் போடச் சொன்னார். பாலாற்று மணலில் இறங்கும்போது டயரில் பாதிக் காற்றை இறக்கிவிட்டுத் தேங்காய் நார்க் கயிற்றைச் சுற்றிக்கொள்வார். பொழுது சாய்ந்தால் வண்டியும் சாய்ந்துவிடும். விளக்கு வெளிச்சத்துக்குப் பூச்சி வரும் என்று இருட்டில் ஓட்டுவதே இல்லை.

பின்னால் உட்காருகிறவர் கால் வைக்கும் கம்பியையும் விடவில்லை. புதரிலும் புற்றிலும் இடிக்காமல் இருக்க, மேல்நோக்கி மடங்குகிற மாதிரி ஸ்பிரிங் வைத்துவிட்டார். ஸ்பிரிங்கா அது, கதவுத் தாழ்ப்பாள்! ஒருநாள் என்னை ஏற்றிக்கொண்டார். கம்பி இறங்கவே இல்லை. "நீயே எறக்கிக்கோ பா. என் பின்னால ஏறுறவன் யாரா இருந்தாலும் அவன் கம்பிய அவன்தான் எறக்கணும்" என்று முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மரியாதை தெரியாத மனுஷன் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே, நான்கு உதை உதைத்து இறக்கினேன்.

ஆனால் எல்லாவற்றையும்விட என்னை உலுக்கிய சட்டம் வேறு. அந்த வண்டியில் பட்டு ஏறக் கூடாது.

காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு! தறிச் சத்தத்தில் தூங்கித் தறிச் சத்தத்தில் விழிக்கிற ஊரில்! நெசவுக்கார ராமலிங்கம் ஒருநாள் பட்டு நூல் மூட்டையோடு மழையில் மாட்டிக்கொண்டு கை காட்டினார். நயினார் வண்டியை நிறுத்தினார், தன் குடையை அவரிடம் கொடுத்தார், தான் நனைந்துகொண்டே போய்விட்டார். ராமலிங்கம் குடையும் கையுமாக வாயைப் பிளந்து நின்றதை நானே பார்த்தேன்.

வாலிபத்தில் அவர் அப்பாவோடு கச்சாப் பட்டு வாங்க மைசூர்ப் பக்கம் போயிருக்கிறார். அங்கே பட்டுக்கூடுகளைக் கொதிக்கிற அண்டாவில் கொட்டுவதைப் பார்த்திருக்கிறார். "உள்ள புழு உசுரோட இருக்குதுப்பா. அன்னிலேர்ந்து பட்ட தொட்டா வெரலு சுடுது" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அதோடு அப்பாவின் பட்டு வியாபாரத்தை விட்டுக் கடலைக்கு வந்துவிட்டார். தெரியாமல் செய்துவிட்டேன் என்று யாராவது எதற்காவது சொன்னால் அவரிடம் ஒரு பதில் உண்டு: "தெரியாதுன்னு சொல்லிட்டா போன உசுரு திரும்பி வருமா?"

கல்யாணத்திலும் அதே பிடிவாதம். மணப்பெண் குணமாலாவுக்குப் பருத்திப் புடவை. பட்டுக்கு உலகமெல்லாம் தேடி வருகிற ஊரில், பட்டு ஒரு முழம்கூட இல்லாமல் தாலி ஏறியது. பந்தலில் பெண்கள் மூக்கில் விரல் வைத்தார்களாம். அந்த அம்மாள் இன்றுவரை கோபமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்தப் புடவையை மறுபடி கட்டியதும் இல்லை. ஒவ்வொரு வருஷமும் தீர்த்தங்கரர் சிலை இருக்கிற மலைக்குக் கிளம்பும்போது நயினார், "மலைக்கு வர்றியா?" என்று கேட்பார். "கை வேலை இருக்குது" என்று அந்த அம்மாள் உள்ளே போய்விடுவார். தடுப்பது கை வேலை இல்லை, அந்தக் கல்யாணப் புடவைதான் என்று நயினாருக்கு நன்றாகத் தெரியும்.

இந்தத் தை மாதம் குணமாலா, "வரேன்" என்றுவிட்டார். நயினாருக்குத் தலைகால் புரியவில்லை. பின் இருக்கைக்கு இலவம்பஞ்சு வைத்துத் தைத்தார், முதுகு சாயக் கம்பி வளைத்தார். தண்ணீர்க் கேன், அவல், வெல்லம், கயிறு, பெட்ரோல் டின் எல்லாவற்றையும் கட்டி அவிழ்த்து, அவிழ்த்துக் கட்டி, எடை சரிபார்த்தார். என்னைத் தெருவில் கண்டால்கூட, "குணமாலா வர்றாங்க" என்பதுதான் பேச்சு. அந்தப் பயணம் கெட்டுப்போனால் மனிதர் ஒடிந்துவிடுவார் என்று எனக்கே பயம் வந்துவிட்டது.

புறப்படுகிற அன்று சூரியன் எழும்பியதும் வழியனுப்பப் போயிருந்தேன். தாவீதும் வந்திருந்தான். ஒரு வேலை பாக்கி. வண்டி மூச்சு வாங்குகிற தகர டப்பாவுக்குள் மணல் தூசியைத் தடுக்க ஒரு துணி உண்டு. அது நயினாரின் பெருமை. தண்ணீரை வடிகட்டிக் குடிக்கிற அதே பருத்தித் துணியை நாலாக மடித்துப் போடச் சொன்னவர் அவர். "ரெண்டு வருஷமா எஞ்சினுக்கு ஒரு சளி இருமல் இல்ல பாத்தியா? எங்க வடிகட்டி பா அது" என்று பார்க்கிறவரிடமெல்லாம் சொல்வார். இத்தனை நாளும் அதைத் திறந்து சுத்தம் செய்தது தாவீதுதான். இந்தத் தடவை பயணம் நீளம், தானே கற்றுக்கொள்ள வேண்டும் என்றார்.

தாவீது நழுவினான். "நான் நேத்தே பாத்துட்டேன் நயினாரே, நீ கெளம்பு" என்றான். நயினார் சிரித்துக்கொண்டே திருப்புளியை வாங்கி, தானே மூடியைக் கழற்றினார்.

உள்ளே கறுத்துப்போன துணி. இழுத்தார். மடிப்பு விரிந்தது. விரல் அகலத்துக்கு ஜரிகை காலை வெயிலில் பளிச்சென்று மின்னியது.

என் கையிலிருந்த காபி டம்ளர் கீழே விழுந்தது. நிஜமாகவே விழுந்தது.

நயினார் அந்தத் துணியைக் கீழே போடவுமில்லை, பிடித்துக்கொள்ளவுமில்லை. அது அவர் விரலில் ஒட்டிக்கொண்டு தொங்கியது. "இன்னாது இது, தாவீது?" என்றார்.

"மன்னிச்சிக்க நயினாரே. உன் பருத்தித் துணியத்தான் மொதல்ல போட்டேன். பாலாத்துப் பொடி மண்ணு அதுல பூந்து போயி ரெண்டு வாட்டி எஞ்சின் ஒரசிப்போச்சி. எங்க வூட்டம்மா மேரி தறிக்காரங்க வீட்ல நூல் சுத்தறா இல்ல, அங்க கழிவு வுழுந்த துண்டு. வெச்சிப் பாத்தேன், நின்னுபோச்சி. நீ வேற ஊரு பூரா பெருமையா சொல்லிக்கினு திரிஞ்ச. அப்புறம் எந்த வாயால சொல்றது?"

நயினார் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். ராமலிங்கத்தை மழையில் விட்டுப் போன வண்டி, அன்றைக்கும் வயிற்றுக்குள் பட்டை வைத்துக்கொண்டுதான் போயிருக்கிறது. அட கடவுளே! எனக்குச் சிரிப்பு வரவில்லை. யாருக்கும் வரவில்லை.

வாசற்படியில் குணமாலா நின்றிருந்தார். பயணத்துக்கென்று தலையை இறுக்கி முடிந்து, கையில் பூக்கூடை. மெதுவாக இறங்கி வந்து அந்தத் துணியைப் பார்த்தார், ரொம்ப நேரம்.

"எனக்கு ஒரு மொழம் இல்லன்னீங்க" என்றார். "வண்டிக்குக் கட்டிவுட்டு ரெண்டு வருஷமா ஊரு சுத்திக்கினு இருந்திருக்கீங்க."

"எனக்குத் தெரியாது குணமாலா. சத்தியமா தெரியாது."

"தெரியாதுன்னு சொல்லிட்டா போன உசுரு திரும்பி வருமா?"

சொல்லிவிட்டுக் கூடையைத் தண்ணீர்க் கேன் மேல் வைத்தார். "நான் வரல" என்று உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. நயினார் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தாவீதுதான் வாய் திறந்தான். "வேற துணி இல்லாம கெளம்பாத நயினாரே. பழைய பருத்திய போட்டா வண்டி மல வரைக்கும் போவும். திரும்பி வராது."

"இனிமே எங்க போறது" என்றார் நயினார். எழுந்து, மூட்டைகளின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.

பாதி அவிழ்த்திருப்பார், கதவு திறந்தது. குணமாலாவின் கையில் மடிப்புக் கலையாத ஒரு புடவை. அரக்கு நிறம், பெட்டி வாசனை. பார்த்ததும் நயினாரின் கை கயிற்றிலேயே நின்றுவிட்டது. அதிலிருந்தே எது என்று எனக்குப் புரிந்துபோயிற்று.

"இத வெளிச்சத்துல காட்டிப் பாரு தாவீது. நெருக்கி நெய்ஞ்சது. ஒரு தபாதான் கட்டினேன்."

தாவீது தயங்கித் தயங்கி வாங்கி வெயிலுக்கு எதிரே பிடித்தான். "நல்ல நெருக்கம்மா. எட்டு மடிப்புப் போட்டா மண்ணு நிக்கும். ஆனா..."

அவன் முடிப்பதற்குள் புடவையை வாங்கி, பல்லால் ஓரத்தைக் கடித்து, சர்ரென்று கிழித்தார் அந்த அம்மாள். கல்யாணப் புடவையை! அடுத்த வீட்டு ரேணுகாம்பாள் "ஐயையோ" என்று கத்தினார்.

தாவீது துணியை மடித்து, எண்ணெயில் நனைத்து, பிழிந்து, டப்பாவில் பொருத்தி மூடினான். திருகு ஒன்று இரண்டு தடவை கீழே விழுந்தது.

கழற்றிய பட்டுத்துண்டு இருக்கையின் மேல் கிடந்தது. அதை எங்கே போடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. குணமாலா எடுத்தார். புகையும் மண்ணும் உதிர இரண்டு உதறு உதறினார். ஜரிகை வெளியே தெரிகிற மாதிரி நீளமாக மடித்தார். இடுப்பில் செருகிக்கொண்டார். செருகிய இடத்தை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

பிறகு வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்று, புருஷன் முகத்தைப் பார்த்தார்.

நயினாரின் கண் மனைவியின் இடுப்பில் மின்னுகிற ஜரிகைக்குப் போனது, அங்கிருந்து அவர் முகத்துக்கு வந்தது. அவிழ்த்த கயிற்றை மறுபடி இழுத்துக் கட்டினார். வண்டியைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்தார். தெருவே பார்த்திருக்க, குணமாலாவின் காலடியில் குனிந்து, அந்தப் பாழாய்ப்போன ஸ்பிரிங்கோடு மல்லுக்கட்டி, கால் வைக்கும் கம்பியைத் தன் கையாலேயே இறக்கிவிட்டார்.