பக்கத்து வீட்டுக் காரின் மேல் போட்ட பழி

என் காரிலிருந்து ஒழுகிய ஒயிலுக்குப் பக்கத்து வீட்டு அருளப்பரின் பழைய காரைக் குற்றம் சொன்னவன் நான்.

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் இருவரும் அடுத்தடுத்துக் கார் நிறுத்துகிறோம். இணையத்தில் காணொளி பார்த்து, பள்ளிக்கூட மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்ற இந்த வயதில் நானே என்ஜின் ஒயில் மாற்றினேன். முதுகு பிடித்துக்கொண்டதால் அடியிலுள்ள நட்டைச் சரியாக இறுக்கவில்லை. தரை சரிவானது. காலையில் ஒயில் அருளப்பரின் காருக்கு அடியில் தேங்கி நின்றது.

காவலாளி கேட்டபோது, "பழைய கார், ஒழுகும்தானே" என்று சொல்லிவிட்டு, யாரும் பார்க்காத நேரத்தில் என் காரின் நட்டை இறுக்கினேன்.

அயலவர்கள் முறைப்பட்டார்கள். திருத்தப் பெருஞ்செலவாகும் என்று பயந்த அருளப்பர், காரை விற்கவே முடிவு செய்தார். கொட்டாஞ்சேனையிலிருந்து ஒருவர் வாங்க வந்தார். அருளப்பர் கண் கலங்கச் சாவியை நீட்டியபோது என்னால் பொறுக்க முடியவில்லை.

"குடுக்காதேங்கோ! ஒழுகினது என்ர கார். நான்தான் பொய் சொன்னனான்."

"அப்ப என்ர செல்லத்துக்கு ஒண்டுமில்லையோ!" என்று அருளப்பர் பொனட்டைத் தட்டிச் சிரித்தார். வாங்க வந்தவரிடம் திரும்பினார். "தம்பி, குறை நினைக்காதேங்கோ, நான் விக்கேல்லை. மாஸ்டர், வாளியை எடுத்துக்கொண்டு வாங்கோ!"

சவர்க்காரத் தூள் போட்டு மிச்சக் கறையைத் தேய்த்தேன். அவர் கதிரையில் இருந்து, விட்ட இடங்களைக் காட்டினார். அயலவர்களிடமும் உண்மையைச் சொன்னேன்.

இப்போது ஒயில் மாற்றக் காரைக் கிருலப்பனைக் கராஜில் விடுகிறேன். அருளப்பர் வந்து தன் காரில் என்னை ஏற்றிக்கொள்வார்.

"ஒழுகுதோ எண்டு பாருங்கோ மாஸ்டர்!" என்பார் ஒவ்வொரு சந்தியிலும்.

நானும் தலையை வெளியே நீட்டிப் பார்ப்பேன்.