பேட்டரி நிறைந்த பிறகும் காற்று அடிக்கும்

ஹீட்டர் வயரைப் பிடுங்கிவிட்டுப் பழியை என் தலையில் போட்டவர் நீங்கள்தான். பேர் சொல்லவில்லை, உங்களுக்கே தெரியும். கரண்ட் கம்பம் ஏறாத மேடுகளில் கரண்ட் எடுக்கும் காற்றாடி மாட்டுவது என் தொழில். கரண்ட் வரவில்லை என்று வருகிற சண்டையைச் சமாளித்துவிடலாம், மிஞ்சுகிறது என்று வருகிற சண்டைதான் உயிரை வாங்கும். இதே பிழைப்பில் மாட்டிக்கொண்டவர்களுக்குப் புரியும்: பேட்டரி நிறைந்துவிட்டது, நில் என்றால் காற்று நிற்காது. அதனால் மிஞ்சுவதைத் தண்ணீர்த் தொட்டியில் இருக்கும் ஹீட்டருக்குத் திருப்பி விடுவேன்.

பேரம்

ஊட்டி மார்க்கெட்டில் காய்கறிக் கடைக்காரர் ஒருவர், தோட்டத்து வீட்டுக்குக் காற்றாடி கேட்டார். பேரத்தில் நான் லேசில் இறங்காத ஆள். அவர் எனக்கு மேல். டவரைக் குட்டையாக்கச் சொன்னார், வயரை மெலிசாக்கச் சொன்னார், கடைசியில் ஹீட்டரே வேண்டாம் என்றார். "மிஞ்சுற கரண்டை எங்கய்யா கொட்டுவீங்க?" என்று கத்தினேன். தராசில் கேரட்டை அள்ளிப் போட்டபடியே சொன்னார்: "மிஞ்சுனா நீங்களே வந்து எடுத்துட்டுப் போங்க. அதுக்கு எதுக்குங்க சண்டை?"

குளியல்

கோத்தகிரிப் பக்கம் கொஞ்சம் தேயிலை வைத்திருக்கும் சரோஜாக்கா வீட்டில், ஆடிக் காற்றில் தொட்டி கொதித்துக்கொண்டே இருந்தது. "சுடுதண்ணியை எடுத்துப் புழங்குங்க, பச்சைத் தண்ணி விடுங்க" என்று போனில் சொன்னேன். குளித்தார்கள், துவைத்தார்கள், மாட்டையும் குளிப்பாட்டினார்கள். மறுபடி போன்: "ஏனுங்க, காத்தடிச்சா நாங்க குளிச்சே ஆகோணுமுங்களா? மாடு என்னைப் பார்த்தாலே ஓடுதுங்க!"

சேமிப்பு

இப்போது உங்கள் கதை. குன்னூருக்கு மேலே உங்கள் வீட்டுக்கு வந்தால், பேட்டரி வயிறு உப்பிக் கிடக்கிறது, அறையெல்லாம் ஆசிட் நெடி. ஹீட்டர் வயர் அழகாகச் சுருட்டி ஆணியில் தொங்குகிறது. போக வழியில்லாத கரண்ட் பேட்டரிக்குள்ளேயே ஏறி அதை அவித்துவிட்டது. என் கோபம் எனக்குத் தெரியும். கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுத்தான் கேட்டேன். நீங்கள் சொன்னது இதுதான்: "சும்மா தண்ணியக் காய வச்சு வீணாகுதேன்னு, கரண்ட சேத்து வச்சேனுங்க."

குழி

சரோஜாக்காவின் தங்கை பந்தலூரில் தையல் மெஷின் ஓட்டக் காற்றாடி கேட்டிருந்தார். டவருக்குக் குழிகூடத் தோண்டியாயிற்று. அதற்குள், 'அந்தாளு காத்தாடி பேட்டரிய அவிச்சுரும்' என்று நீங்கள் டீக்கடையில் முழங்கியது அவர் காதுக்கும் எட்டிவிட்டது. வயர் விஷயத்தை எவ்வளவோ விளக்கினேன். அந்தப் பெண் துணியிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னார்: "நீங்க சொன்னா வியாபாரம்னுதான் நெனைப்பேனுங்கண்ணா. பிடுங்குனவரே சொல்லட்டுங்க, அப்புறம் டவர நட்டு வைங்க."

குழியில் மழைத்தண்ணீர் நிற்கிறது. மிஞ்சிய கரண்டுக்கு ஹீட்டர் உண்டு, மிஞ்சிய பேச்சுக்குத்தான் இன்னும் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை, அதனால் எந்த டீக்கடையில் முழங்கினீர்களோ அதே டீக்கடையில், அதே சத்தத்தில், வயரைப் பிடுங்கியது நீங்கள்தான் என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.