மாமனாரிடம் சொன்ன வலி

என் வலது தொடை அடிவயிற்றோடு சேரும் இடத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம் இருந்தது. படுத்தால் உள்ளே போய்விடும். நின்றால், இருமினால், சைக்கிள் மிதித்தால் வெளியே வரும். குடலிறக்கம் என்றார்கள். மதராஸிலிருந்து தபாலில் வரவழைத்த ஒரு பெல்ட்டை வேட்டிக்குள் கட்டிக்கொண்டு சில வருஷங்கள் பத்திரிகை வேலை பார்த்தேன். பெல்ட்டின் எஃகுப் பட்டை இடுப்பைப் புண்ணாக்கிய பிறகு காரைக்குடியில் ஒரு டாக்டரிடம் காட்டினேன். அறுத்துத் தைத்துவிடலாம் என்றார் அவர். ரயில் எங்கள் பக்கம் வந்து அதிக காலம் ஆகாத நேரம் அது. ஆபரேஷன் என்றால் வீட்டில் எல்லோரிடமும் கடைசியாகச் சொல்லிக்கொண்டு போகிற காரியம் என்றே பலரும் நினைத்தார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் புறப்படுவதற்கு முந்தின தினம், டிரங்குப் பெட்டியில் துணிகளை அடுக்கிக்கொண்டே என் மனைவி அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னாள். அவளுடைய தகப்பனாருக்கும் இதே நோய். கல்லலுக்குப் பக்கத்தில் அவர்களுடைய ஊர். இளவயதிலிருந்து மாடு பூட்டிக் கமலையில் தண்ணீர் இறைத்த உடம்பு. வீக்கம் என்னுடையதைவிடப் பெரிது. பழைய வேட்டியைக் கிழித்துச் சுருட்டி அந்த இடத்தில் வைத்து, மேலே ஒரு துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் வயலுக்குப் போகிறார். வீட்டில் அவள் தாயாருக்கு மட்டும் தெரியும். தாயார் மகளிடம் சொல்லியிருந்தாள். மாமனாரின் தம்பி இதே நோயில்தான் இறந்தார். ஒரு அறுவடை நாளில் இறங்கிய குடல் திரும்ப ஏறவில்லை. வாந்தி எடுத்தபடியே வண்டியில் கிடந்தவர் மதுரை போய்ச் சேரவில்லை.

குடல் மாட்டிக்கொண்டால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும் என்று டாக்டர் என்னையும் எச்சரித்திருந்தார். ஆகவே அவள் பயப்படுவதில் மிகை எதுவும் இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

"அய்யா ஒங்களைப் பாக்க வருவாக," என்றாள். "பாத்துட்டுத்தான் தானும் அறுத்துக்கிறதான்னு முடிவு பண்ணுவாக. வலிக்குதுன்னு மட்டும் சொல்லிப்புடாதீக."

சரி என்றேன். அப்போது அது எளிதான வேலையாகத் தோன்றியது.

கொண்டுவிற்க என்று கடல்கடந்து வியாபாரத்துக்குப் போனவர் யாரோ வாடகைக்கு விட்டிருந்த பெரிய வீடு ஒன்றில் அந்த ஆஸ்பத்திரி நடந்தது. வளவு என்கிற உள்முற்றத்தைச் சுற்றி இருந்த இரட்டை அறைகளில் நோயாளிகள், பின்கட்டில் ஆபரேஷன். கம்பவுண்டர் ஒருவரும், திருநெல்வேலிப் பக்கத்து நர்ஸ் ஒருத்தியும் இருந்தார்கள். முகத்தில் வலைமூடியை வைத்துக் குளோரோபாரம் சொட்டுவிட்டார்கள். ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொன்னார்கள். அழுகின பழம் போன்ற ஒரு இனிப்பு வாடை. எண்ணிக்கை எங்கே நின்றது என்று எனக்கு நினைவில்லை.

விழித்தபோது முதலில் வந்தது வலி அல்ல, குமட்டல். வயிற்றில் ஒன்றும் இல்லாவிட்டாலும் உடம்பு வாந்தி எடுக்கப் பார்த்தது. ஒவ்வொரு குமட்டலுக்கும் தையல் போட்ட இடம் இரண்டாகக் கிழிவது போல இருந்தது. முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் கால்களை மடக்கிக் கட்டியிருந்தார்கள். தண்ணீர் கேட்டேன். கொடுக்கக் கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். என் மனைவி ஈரத்துணியால் உதட்டைத் துடைத்தாள். அன்று சாயங்காலம் நான் வாய்விட்டுக் கத்தினேன். நர்ஸ் ஊசி போடும் வரைக்கும் கத்தினேன். என் மனைவி பாலைச் சுடவைக்கப் போவதாகச் சொல்லி வெளியே போனாள். எனக்குக் குடிக்க எதுவும் கொடுக்கக் கூடாத வேளையில் பால் எதற்கு என்று நான் யோசிக்கவில்லை.

மறுநாளிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். நோயாளியை வந்து பார்க்காதவன் உறவே அல்ல என்பது எங்கள் பக்கத்து வழக்கம். சிங்கம்புணரியிலிருந்து என் பெரியப்பா வீட்டார் மூன்று வண்டி மாறி வந்தார்கள். பிள்ளையார்பட்டிக்குப் போய்விட்டு வந்த ஒரு அத்தை திருநீறும் ஒரு தூக்கு நிறையக் கொழுக்கட்டையும் கொண்டுவந்தாள். பார்லிக் கஞ்சிக்கு மேல் ஒன்றும் கொடுக்கக் கூடாதென்று நர்ஸ் தடுத்தபோது, சாமி பிரசாதம் என்ன செய்யும் என்று அவளோடு வாதாடினாள். கொழுக்கட்டையைக் கடைசியில் கம்பவுண்டர் சாப்பிட்டார். வந்தவர்கள் என்னைச் சிரிக்கவைக்கப் பார்த்தார்கள். சிரிப்பு இருமலைவிட மோசம். இருமலையாவது தலையணையை வயிற்றில் அமுக்கிக்கொண்டு சமாளிக்கலாம்.

"இது ஆஸ்பத்திரியா, கல்யாண வீடா?" என்று நர்ஸ் கேட்டாள்.

"கல்யாணத்துக்கு இம்புட்டுச் சனம் வரலை," என்றாள் என் மனைவி.

அந்த வாரத்தில் ஒரு காலை ரயிலில் மாமனார் வந்தார். ஆறடிக்கு ஒரு விரல் குறையும் உயரம். நிலைப்படியில் குனிந்துதான் உள்ளே வந்தார். கல்யாணம் ஆன நாள் முதல் அவர் என்னோடு பேசியதெல்லாம் சேர்த்தால் ஒரு பக்கம் தேறாது. அவர் வந்தால் நான் எழுந்து நிற்பேன். அவர் உட்காருங்கள் என்று கையைக் காட்டுவார். அதோடு எங்கள் சம்பாஷணை முடியும். அன்றும் உடம்பு தன் பழக்கத்தை மறக்கவில்லை. பெரியவர் நிற்கும்போது காலை நீட்டிக்கொண்டு படுத்திருப்பது எனக்கு ஆகவில்லை. நான் நன்றாக இருக்கிறேன் என்று அவருக்குக் காட்டவேண்டிய கடமையும் இருந்தது. இரண்டும் சேர்ந்துகொண்டன. முழங்கையை ஊன்றி எழுந்தேன்.

"வாங்க மாமா" என்று சொல்லி முடிப்பதற்குள் உள்ளே ஏதோ பட்டென்று விட்டது. சூடாக ஒன்று தொடையில் இறங்கியது. கட்டு சிவந்ததை நான் பார்க்கும் முன்பே அவர் பார்த்துவிட்டார். என் முகம் எப்படி இருந்ததோ எனக்குத் தெரியாது. நர்ஸ் ஓடிவந்ததும் வளவில் போய்த் தூணோரம் நின்றவர், டாக்டர் வந்து போகும் வரை அங்கேயே நின்றுவிட்டு, அடுத்த ரயிலுக்குப் போய்விட்டார்.

மேல் தையல் இரண்டு அறுந்திருந்தன. இரண்டு நாளில் அந்த இடம் சீழ் பிடித்துக் காய்ச்சல் வந்தது. சீழை வழித்து, மருந்தில் நனைத்த நாடாத்துணியைப் புண்ணுக்குள் திணித்து, மறுநாள் அதை இழுத்து எடுப்பார்கள். நாடாவை இழுக்கும்போது வரும் வலிக்குச் சத்தம்கூட வராது. மூச்சு நின்றுபோகும், அவ்வளவுதான். மாமனார் வந்தால் எழுந்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று டாக்டர் கோபித்துக்கொண்டார். உள்தையலும் விட்டிருந்தால் மறுபடி அறுக்கவேண்டி வந்திருக்கும். இரண்டாம் முறை சதை சரியாகப் பிடிப்பதில்லை என்றார். இனி யாரையும் உள்ளே விடாதே என்று என் மனைவியிடம் உத்தரவு போட்டார்.

அந்த உத்தரவை நிறைவேற்ற முடியாது என்பது அவளுக்குத் தெரியும். வண்டி கட்டிக்கொண்டு வந்தவர்களை வாசலோடு திருப்பினால் அந்தப் பேச்சு எத்தனை காலமானாலும் ஓயாது. அதோடு, அவளுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. அய்யா ரத்தத்தைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். இனி அவர் வந்தால்தானே அதை மாற்ற முடியும்?

அவள் செய்தது இதுதான். கம்பவுண்டரையும் பெருக்குகிறவரையும் கூப்பிட்டு, என்னோடு சேர்த்துக் கட்டிலைத் தூக்கித் திருப்பிவைத்தாள். என் தலைமாடு கதவுப் பக்கம் வந்தது. வருகிறவர்கள் என் தலைக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார வேண்டும். வந்தவர் முகம் தெரியாதவரை எழுந்து நிற்க உடம்புக்குத் தோன்றாது என்று அவள் கணக்குப் போட்டாள். கதவு வடக்கே இருந்தது. வடக்கே தலைவைத்துப் படுக்கலாமா என்று முதலில் வந்த கிழவர் கேட்டுவிட, கட்டிலைக் கொஞ்சம் கோணலாக நகர்த்தினாள். அப்போது அது எந்தத் திசை என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. காலையில் வந்த டாக்டர் கட்டிலை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு காய்ச்சல் பார்த்தார்.

அந்த ஏற்பாடு வேலை செய்தது. பின்னாலிருந்து குரல்கள் வரும். நான் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்வேன். பல்லைக் கடித்துக்கொண்டாலும் யாருக்கும் தெரியாது. குரலை மட்டும் ஒழுங்காக வைத்துக்கொண்டால் போதும்.

மாமனார் திரும்ப வந்தார். நாற்காலி கிறீச்சிட்டதிலும் ஈரமண் வாடையிலும் அவர்தான் என்று தெரிந்தது. நான் அசைவதற்குள் கனமான கை ஒன்று என் தோளில் விழுந்தது.

"எந்திரிக்காதீக மாப்ளை."

அவர் மகளைக் கூப்பிட்டு, கடைத்தெருவில் வெற்றிலை வாங்கி வரச் சொன்னார். அவர் மடியில் வெற்றிலை இருந்திருக்கும். மடியில் வெற்றிலை இல்லாமல் அவர் எங்கேயும் போனதில்லை. அவள் என் கால்மாட்டுப் பக்கம் வந்து, சொல்லிவிடாதீர்கள் என்பது போல என்னைப் பார்த்துவிட்டுப் போனாள்.

அவள் போனதும் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டார். இல்லை என்றேன்.

"அன்னைக்கு ஒங்க மொகத்தைப் பாத்தேன்ல," என்றார். "எனக்கு இல்லைங்கிற பதில் ஒதவாது. இருக்கிறபடி சொல்லுங்க."

சம்பவம் நடந்த இடத்தில் கேட்டதைக் கேட்டபடி, கண்டதைக் கண்டபடி எழுதுவதுதான் எனக்குத் தெரிந்த தொழில். என் உடம்பில் நடந்ததை மட்டும் வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருந்தேன். மனைவிக்குக் கொடுத்த வாக்கை அங்கே விட்டேன். குளோரோபாரத்தின் வாடையிலிருந்து ஆரம்பித்தேன். அறுக்கும்போது ஒன்றும் தெரியாது. விழித்ததும் குமட்டும். முதல் நாள் வலி ஒரே இடத்தில் நிற்காது, தொடை முழுக்க எரியும். அடுத்த நாள் அது தையலுக்கு வந்துவிடும். இருமினால், தும்மினால், சிரித்தால் வெட்டும். படுக்கையிலேயே மூத்திரம் போக வேண்டும். அது வராமல் அழவைக்கும். அதற்கும் பிறகு ஒரு காலையில் விழித்து, வலியைத் தேடிப் பார்த்தபோதுதான் அது இருக்கிறது என்று தெரிந்தது. சீழ் பிடித்தது ஆபரேஷனால் வந்ததல்ல, நான் எழுந்ததால் வந்தது. நாடாவைப் பற்றியும் மறைக்காமல் சொன்னேன். இவ்வளவுக்குப் பிறகும் வீக்கம் இல்லை. இருமினால் அந்த இடத்தில் ஒன்றும் வெளியே வருவதில்லை என்றேன்.

சொல்லி முடித்ததும் அவர் பெருமூச்சு விடும் சத்தம் கேட்டது.

"வலி கெடக்கட்டும். கத்துனீகளா?"

"கத்துனேன் மாமா."

"நாங் கத்துவேனா?"

"கத்துவீக."

நாற்காலி மறுபடி கிறீச்சிட்டது. இந்தக் கேள்விக்காகத்தான் அவர் ரயிலேறி வந்திருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அறுக்கும் கத்தியைப் பற்றியோ சாவைப் பற்றியோ அவர் கேட்கவே இல்லை.

"எம் மக இங்கதான இருப்பா," என்றார். "அது பொறந்ததுல இருந்து நாங் கண்ணு கலங்கி அது பாத்ததில்லை. என் தம்பி போனப்பகூட. அது முன்னால கத்திட்டுப் பெறகு அது கையில கஞ்சி வாங்கிக் குடிக்கணுமா?"

நான் கத்தியபோது அவள் வெளியே போய் நின்றதைச் சொன்னேன். பால் சுடவைப்பதாகச் சொல்லிப் போனாள் என்றேன். வளவில் நர்ஸ் பாத்திரங்களைக் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அது இங்க வேணாம்," என்றார் கடைசியில். "எங்கிட்டு நின்னாலும் அதுக்குக் காது கேக்கும். ஊருக்கு அனுப்பி விட்டுருங்க. நீங்க இருப்பீகளா?"

இருப்பேன் என்றேன்.

அவர் எழுந்து போனார். வெளியே டாக்டரின் அறை எது என்று கம்பவுண்டரைக் கேட்கும் குரல் வந்தது. வெற்றிலையோடு திரும்பிய என் மனைவி காலி நாற்காலியைப் பார்த்துவிட்டு, என்ன சொன்னீர்கள் என்று கேட்டாள். எல்லாவற்றையும் என்றேன். அவள் முகம் வெளுத்தது. அய்யா எங்கே என்று கேட்டாள். டாக்டர் அறையில் வேட்டியை அவிழ்த்துக்கொண்டிருப்பார் என்றேன். அவள் வெற்றிலைக்கட்டோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

எனக்குப் புண் ஆறி, நான் கைத்தடியில்லாமல் நடக்க ஆரம்பித்த பிறகு அவருக்கு ஆபரேஷன் நடந்தது. அவருக்கு அறுத்த இடம் பெரிது, தையலும் அதிகம். என் மனைவி ஊரில் தாயாரோடு இருந்தாள். அதற்கு அவளைச் சம்மதிக்கவைப்பது எளிதாக இல்லை. கடைசிவரை அவள் காரணம் கேட்டாள், நான் சொல்லவில்லை. மயக்கம் தெளிந்த அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். கமலைக் கயிறு பிடித்த கை. பிறகு, செத்துப் பல காலமான தன் ஆத்தாளைக் கூப்பிட்டுக் கத்தினார். பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்தார். நான் கதவைச் சாத்தினேன். விரல்களில் ரத்தம் ஓடாமல் என் கை மரத்துப்போனது. ஊசி வேலை செய்யும் வரை அவர் பிடியை விடவில்லை, நானும் கையை எடுக்கவில்லை.

மறுநாள் டாக்டர் வந்து, பெரியவரே, வலி இருக்கிறதா என்று கேட்டார். மாமனார் என்னை ஒருமுறை பார்த்தார்.

"இருக்கு," என்றார். "மக எப்ப வரலாம்?"