ரேடியோ நோட்டில் நான் அடித்த வரி

எண்பதுகளின் நடுவில் காரிமங்கலத்தில் ஆசிரியையாக இருந்தேன். சிற்றலையில் வெளிநாட்டு வானொலிகளைத் தேடிக் கேட்கும் பழக்கம் உள்ள ஏழு பேர் எங்கள் பக்கம் இருந்தோம். கேட்டதைப் பகிர்ந்துகொள்ள ஒரு நோட்டு வைத்திருந்தோம். எந்த நிலையம், எந்த அலைவரிசை, ஒலி எப்படி என்று எழுதி, பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அடுத்தவருக்கு அனுப்புவோம். கடத்தூர், மொரப்பூர் எல்லாம் சுற்றி, மாதம் ஒருமுறை என்னிடம் திரும்பும். நான்தான் செயலாளர்.

முதல் வருடம் நோட்டு ஒழுங்காக இருந்தது. பிறகு, கடத்தூரில் உரக்கடை வைத்திருந்தவர் மழை பொய்த்ததை எழுதினார். இன்னொருவர் மகளுக்கு வரன் அமையாததை எழுதினார். அதற்கு நாலு பேர் பதில் எழுதினார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. இதற்கா நோட்டு?

மொரப்பூர்ப் பக்கம் ரயில்வே கேட்டில் வேலை பார்த்தவர் ஒருவர் இருந்தார். கிறிஸ்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஆனாலும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். எங்களில் அவர் காதுதான் கூர்மை. அவரும் சில மாதங்களாக வீட்டு விஷயம் ஒரு வரி சேர்த்து எழுதிவந்தார். ஒரு மாதம் அவர் பக்கத்தில், மூன்று நிலையங்களின் விவரத்துக்குக் கீழே, “வீட்டில் அவள் இன்று இரண்டு இட்லி சாப்பிட்டாள்” என்று எழுதியிருந்தார். அவருடைய மனைவிக்குச் சேலத்தில் வைத்தியம் நடக்கிறது என்று அரைகுறையாகக் கேள்விப்பட்டிருந்தேன். இருந்தும், பரீட்சைத் தாள் திருத்துகிற கை சும்மா இருக்கவில்லை. அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்து, “வானொலி தவிர வேறு எதுவும் எழுத வேண்டாம்” என்று பக்கத்தில் எழுதினேன்.

எல்லோரும் கட்டுப்பட்டார்கள். நோட்டு மறுபடி சுத்தமானது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்த வருடக் கோடை விடுமுறையில் மொரப்பூரில் ரயில் ஏற வேண்டியிருந்தது. அவர் கேட்டு எழுதியதை உறுதிசெய்து வெளிநாட்டு நிலையம் ஒன்று அனுப்பிய அட்டை, செயலாளர் என்பதால் என் முகவரிக்கு வந்திருந்தது. அதைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று அவர் வீட்டுக்குப் போனேன். “வூட்டுக்குள்ள வாங்க டீச்சர்” என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். சுவரில் ஏசு படத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண்ணின் படம். மாலை போட்டிருந்தது.

எப்போது என்று கேட்டேன். அடக்கம் நடந்த தேதியைச் சொல்லி, மூன்று மாதம் ஆகிறது என்றார். எங்கள் ஏழு பேரில் ஒருவருக்கும் தெரியாது.

“ஒரு வரி எழுதியிருந்தா நாங்க எல்லாரும் வந்திருப்போமே” என்றேன்.

அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “வேற எதுவும் எழுதக் கூடாதுன்னு போட்டிருந்தீங்களே டீச்சர். அதான் எழுதலீங்க.”

அதில் குத்தல் இல்லை. நான் கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான்.

“சொந்தக்காரங்க வந்திருப்பாங்க” என்றேன், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

“வந்தாங்க. ஆனா அவ சாப்பிட்டாளா, தூங்கினாளான்னு தெனம் யார்கிட்டச் சொல்றதுங்க? உங்ககிட்டதான் எழுதிப் பழகியிருந்தேன்.”

திரும்பி வந்ததும் நோட்டைப் புரட்டினேன். அடக்கம் நடந்த மறுநாள் தேதியில் அவர் கையெழுத்து இருந்தது: பத்தொன்பது மீட்டர் அலைவரிசை, ஒலி தெளிவு. அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

ஒரே விஷயத்தில் பைத்தியமாக இருப்பவர்கள் அதைப் பற்றியே எவ்வளவு நாள் எழுத முடியும்? நம் கிறுக்கைப் புரிந்துகொண்டவரிடம் மற்றதையும் சொல்லத்தான் மனது போகும். நான் அதை நோட்டுக்கு வந்த கேடு என்று நினைத்துவிட்டேன்.

எதை வேண்டுமானாலும் எழுதுங்கள் என்று எல்லோருக்கும் எழுதி அனுப்பினேன். நடந்ததையும் மறைக்காமல் எழுதினேன். உரக்கடைக்காரர் மறு பஸ்ஸிலேயே மொரப்பூருக்குப் போய் அவரைப் பார்த்துவிட்டு வந்தார். நோட்டில் காய்ச்சலும் கல்யாணமும் நிறைந்தன. மற்றவர்கள் பக்கங்களில் வானொலி குறைந்துகொண்டே வந்து கடைசியில் நின்றேபோனது.

அவர் மட்டும் கடைசிவரை நிலையங்களைத்தான் எழுதினார். மனைவியைப் பற்றி ஒரு வரி எழுதுங்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.