பனியில் நின்ற வெள்ளைக் கார்

இதை நம்பச் சொல்லி யாரையும் வற்புறுத்தமாட்டேன். ஆனால் நடந்தது எனக்குத்தான். வெட்கத்தோடு சொல்கிறேன்.

கனடாவில், சாஸ்கடூனிலிருந்து ஸ்விஃப்ட் கரண்டில் உள்ள எங்கள் வீட்டுக்கு மூன்று மணி நேரம். எங்கள் பக்கம் தூரத்தை மணிக்கணக்கில்தான் சொல்வோம். அன்று ஜனவரி பதினான்கு. குளிர், பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொரு டிகிரி. ஆறு மணிக்கு மகள் பள்ளியில் பாடுகிறாள். மனைவி ஜாய்ஸ் போனில் கிண்டலடித்தாள்.

"உங்க மூணு மணி நேரம் எப்பவும் நாலாத்தான் ஆகும், லோர்ன்."

இன்று பொய்யாக்கிக் காட்டுகிறேன் என்று வண்டியை விரட்டினேன்.

மாலை 4.40. சாலையோரப் பள்ளத்தில் ஒரு வெள்ளைக் கார். அருகில் ஒரு பெண் கையை உயர்த்தினாள். குளிர்காலத்தில் இப்படிக் கண்டால் நின்றே ஆக வேண்டும். அது எங்கள் ஊர்களின் எழுதாத சட்டம். பின்னால் வருகிறவர் நிற்பார் என்று நான் போய்விட்டேன்.

4.52. மீண்டும் அதே கார். அதே பெண்.

கார்மேல் ஒரு முழம் பனி. அவளைச் சுற்றி ஒரு காலடித் தடம்கூட இல்லை...

அப்போதும் நிற்கவில்லை. இந்த முறை, பயத்தில்.

5.09. என் வண்டி இருமியது. நின்றது.

போனில் சிக்னல் இல்லை. அவசரத்தில் டப்பாவுக்குள் ஏற்றி வண்டியைச் சூடாக்கிக்கொள்ள எல்லோரும் வைத்திருக்கும் மெழுகுவத்தியையும் காப்பி டப்பாவையும், இடம் அடைக்கிறதென்று கோடையிலேயே எடுத்துப் போட்டிருந்தேன். விரல்கள் மரத்தன.

டொக்... டொக்... டொக்.

கண்ணாடிக்கு வெளியே அவள்.

கையில் ஒரு டப்பா. உள்ளே மெழுகுவத்தி எரிந்தது. காற்றில் சுடர் அசையவில்லை.

"இத வெச்சுக்கோங்க. பின்னால யாராச்சும் வருவாங்க."

பேசும்போது அவள் வாயிலிருந்து ஆவி வரவில்லை...

7.50க்கு இழுவை வண்டிக்காரர் ஓரெஸ்ட் வந்தார். ஜாய்ஸ் அனுப்பியிருந்தாள். வெள்ளைக் காரைப் பற்றிக் கேட்டேன். வழியில் எதுவும் இல்லை என்றார். பிறகு என் மடியிலிருந்த டப்பாவைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது.

போன வருடம் இதே நாளில், வில்மா என்ற நர்ஸ் இந்தச் சாலையில் உறைந்து இறந்தாளாம். காரை இழுத்தவர் அவரே. அதற்குள் இதே டப்பா கிடந்ததாம்.

"கடந்துபோன வண்டியையெல்லாம் ஒரு கவர்மேல எழுதி வெச்சிருந்தாப்பா. கடைசி வரி இன்னும் கண்ணுல நிக்குது. 'நீல டிரக். நிக்கல. பாவம், அவசரம் போல.'"

போன வருடமும் அந்த மாலையில் நான் இதே வழியாகத்தான் வீடு திரும்பினேன். பள்ளத்தில் ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது.

என் டிரக் நீலம்.