கேட்டால் கொடுக்கிற பாட்டு

சூவா சந்தையில் சேப்பங்கிழங்கு விற்ற சாலசெய்னியும் அவள் தங்கை மெரெயோனியும் சேர்ந்து பாடிய ஒரே பாட்டு, அந்த வருஷம் ஃபிஜியில் வேறெதையும்விட அதிகமாக விற்றது. பஸ்ஸிலும் படகிலும் அதேதான். கம்பெனி கண்ணாடிச் சட்டத்தில் ஒரு தங்க இசைத்தட்டு கொடுத்தது.

எங்கள் தீவில் சொந்தக்காரர் வாய்விட்டுக் கேட்டால் இல்லையென்று சொல்வது மரியாதையில்லை. இசைத்தட்டை மாமா கேட்டார், போயிற்று. கித்தாரைப் பெரியம்மா கேட்டாள், அதுவும் போயிற்று. கடைசியில் சித்தி மகன் இனோக்கே வந்தான்.

"அக்கா, அந்தப் பாட்டையே எனக்குக் குடுத்துடேன். ஓட்டல்ல பாடிப் பொழச்சுக்கிறேன்."

சாலசெய்னி கொடுத்தாள்.

மெரெயோனி கையிலிருந்த கிழங்கைத் தரையில் அடித்தாள். "பாட்டுல பாதி என்னுதுக்கா! யாரைக் கேட்டுக் குடுத்த?"

"அவன் கேட்டுட்டானேடி, என்ன பண்றது?"

"கேட்டா குடுத்துடணும், அவ்வளவுதானே?"

அன்று சாயங்காலமே அவள் ஓட்டலுக்குப் போனாள். இனோக்கே பாடி முடிக்கும்வரை காத்திருந்து கைதட்டினாள்.

"நல்லாப் பாடுற தம்பி. உன் வேலை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. குடேன்."

இப்போது அக்காவும் தங்கையும் ஓட்டலில் பாடுகிறார்கள். கிழங்குக் கடையில் இனோக்கே உட்கார்ந்திருக்கிறான். கூட்டத்துக்குக் குறைவில்லை. வியாபாரம்தான் இல்லை, வருகிறவர்கள் எல்லோரும் அவனுக்குச் சொந்தம்.